பாட்டுச் செட்டை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்: வேன், பஸ் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரத்தில் சுற்றுலா வேனும் பஸ்ஸும் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்கும் பழனிக்கும் உங்கள் வண்டிகளுக்கு ஓய்வில்லை. அதற்காக ஐப்பசியிலேயே புதுச் செட்டும் புது வூஃபரும் மாட்டச் சொல்லி எலக்ட்ரீசியன்களான எங்களிடம் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறீர்கள். ஆனால், கெட்டுவிட்டது என்று கழற்றச் சொல்லும் செட்டுகளில் பல நல்ல நிலையில்தான் இருக்கின்றன. கோளாறு வயரிலும் எர்த்திலும் (மின்சாரம் வண்டியின் தகடு வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) இருக்கிறது. அதைப் பார்க்காமல் மாட்டினால் புதுச் செட்டும் அதே பாடுதான் படும்.

அடிக்கடி வரும் புகார், சத்தத்தைக் கூட்டினால் செட்டு அணைந்து அணைந்து எரிகிறது என்பது. இஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் வண்டியின் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஆம்ப்பின் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) பவர் முனையிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், மீதியை வயர் தின்கிறது என்று அர்த்தம். 30 ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்புக்கு 5 மீட்டர் தூரம் 2.5 சதுர மி.மீ. வயர் இழுத்தால், பிளஸ் வயரில் மட்டும் ஏறக்குறைய 1 வோல்ட் போய்விடும். 10 சதுர மி.மீ. போட்டால் கால் வோல்ட்தான் போகும். விலை மலிவாகக் கிடைக்கும் தடித்த வயரை நம்பாதீர்கள். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். அது செம்பு பூசிய அலுமினியம். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடை.

எர்த்தையும் இப்படியே சோதிக்கலாம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை ஆம்ப்பின் எர்த்திலும் வைத்து, பாட்டைக் கூட்டிப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால், பெயின்ட்டின் மேல் முறுக்கிய போல்ட்டோ துருப்பிடித்த சீட் போல்ட்டோதான் காரணம். பளபளவென்று தகடு தெரியும்வரை சுரண்டி, லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்) வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டால் போதும். ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஏறும் 'ஊய்' சத்தத்துக்கும் பெரும்பாலும் இதுதான் மூலம். எர்த் சரியாக இருந்தும் அந்தச் சத்தம் வந்தால், செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர் பவர் வயரோடு ஒட்டிப் போகிறதா பாருங்கள். ஒன்று இடப்பக்கம் போனால் மற்றது வலப்பக்கம் போகட்டும். அதுவும் சரி என்றால் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, ஓடும் இஞ்சினில் பேட்டரியைச் சோதியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டர் டயோடைச் சந்தேகிக்க வேண்டும்.

ஃபியூஸ் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறோம். ஃபியூஸ் போனால் சிகரெட் பாக்கெட்டின் ஈயத் தாளைச் சுற்றுவதும் செம்பு இழையை வைப்பதும் உங்கள் டிரைவர்களிடம் சர்வசாதாரணம். ஆம்ப் வயருக்கான ஃபியூஸ் முதலில் காப்பது வயரை. ஃபியூஸை இப்படிக் கட்டிவிட்டால் ஷார்ட் ஆகும் இடத்தில் வயர்தான் ஃபியூஸாகி எரியும், பக்கத்தில் ரெக்சினும் ஃபோமும் இருக்கின்றன. பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் இதற்கு ஈடாகாது, இடையில் உள்ள வயர் முழுதும் காப்பில்லாமல் கிடக்கும். தகட்டுத் துளை வழியாக வயர் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) கட்டாயம். 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. நீலம் போன இடத்தில் பச்சையைச் செருகாதீர்கள்.

24 வோல்ட் பஸ்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துச் செட்டுக்குக் கொடுக்கும் பழக்கம் பேட்டரிகளைக் கொல்கிறது. எடுக்கும் பேட்டரி சார்ஜ் ஏறாமல் கிடக்க, மற்றது அதிகமாக ஏறித் தண்ணீர் வற்றும். செலவானாலும் 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். செட்டு மட்டும் என்றால் 10 ஆம்பியர் போதும்; ஆம்ப் இருந்தால் அதன் ஃபியூஸ் அளவுக்குக் குறையாமல் வாங்க வேண்டும்.

ஸ்பீக்கரைப் பற்றிச் சுருக்கமாக: 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சேனலில் பேரலலாக இணைத்தால் 2 ஓம் ஆகும். பெரும்பாலான செட்டுகள் அதைத் தாங்காமல் சூடேறி, தானே அணைந்து புரொடெக்‌ஷனுக்குப் போகும். ஸ்பீக்கர் மைனஸை ஒருபோதும் பாடியில் எர்த் செய்யக் கூடாது, செட்டுக்குள் இருக்கும் ஐ.சி. சிப் போய்விடும். பாஸ் மெலிந்து கேட்டால் ஸ்பீக்கர் வயரைச் செட்டிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ், மைனஸைச் சரியாகப் பார்த்து ஒரு கணம் தொடுங்கள். எல்லாக் கோனும் வெளியே தள்ள வேண்டும். உள்ளே போவது தலைகீழாக மாட்டியது. (பெட்டியில் அச்சிட்ட '1000 வாட்'டைப் பார்த்து மயங்க வேண்டாம்: அதன் 15 ஆம்பியர் ஃபியூஸை 14 வோல்ட்டால் பெருக்கினால் 210 வாட்தான் வருகிறது.)

காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட் வயரை நேரடியாகப் பேட்டரியில் கொடுத்திருப்பார்கள். இரவு முழுக்க ஆம்ப் விழித்திருக்கும். செட்டின் நீல-வெள்ளை வயரிலிருந்து கொடுத்தால் செட்டோடு அணையும். சர்வீஸில் தண்ணீர் அடிக்கும்போது சீட்டுக்கடியில் உள்ள ஆம்ப்பை மூடச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி ஜாயின்ட் திறந்துகொள்ளும். வயரை நசுக்கி இணைக்கும் கிரிம்ப் ஸ்லீவும் சூட்டில் சுருங்கி மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் கேளுங்கள்.

எங்கள் கோரிக்கை இரண்டு. செட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் கால் பங்கை வயருக்கும் ஃபியூஸ் ஹோல்டருக்கும் ஒதுக்குங்கள். வண்டியை விடும்போது டிரைவரிடம் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள்: கோளாறு இஞ்சின் ஓடும்போதா நிற்கும்போதா, எந்தப் பக்க ஸ்பீக்கர், ஹெட்லைட் போட்டால் கூடுகிறதா, கடைசியாக எந்த ஃபியூஸை யார் மாற்றினார்கள்.

இப்படிக்கு,
மதுரை வட்டார வண்டி எலக்ட்ரீசியன்கள்