சட்டை விலையில் யாருக்கு எவ்வளவு?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம். மேட்டுப் பங்கில் இரண்டாவது தடவை பருத்தி எடுக்கிறார்கள். மழை வந்து வெடித்த பஞ்சைக் கெடுத்துவிடக் கூடாதே என்று அப்பாவுக்குத் தூக்கமில்லை.

துணியைக் குறைவாக வாங்கச் சொல்லி நீயும் உன் சிநேகிதர்களும் கல்லூரி கல்லூரியாகப் போய்க் கொடுக்கிற நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "தையல்காரிதானே நீ, படித்துவிட்டுச் சொல்" என்றாய். ஃபோனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுத்து.

முதல் வரியிலேயே, ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று போட்டிருக்கிறீர்கள். சரி. ஒரு கிலோ அரிசிக்கும் கிட்டத்தட்ட 2,500 லிட்டர் என்கிறார்கள். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் நன்னிலம் தாலுகாவில் ஒருத்தரும் சோறு தின்ன முடியாது. எந்த ஊர்த் தண்ணீர், எந்த மாசத்துத் தண்ணீர் என்று கேட்க வேண்டாமா? இங்கே நெல் அறுத்த தரிசில்தான் மாசி, பங்குனியில் பருத்தி ஊன்றுகிறோம். அதே வயலில் கோடை நெல் போட்டால் பம்ப்செட் ராத்திரி பகலாக ஓட வேண்டும். பருத்திக்கு அவ்வளவு ஆகாது. தண்ணீருக்கு வினை வருவது அப்புறம், சாயம் போடும் இடத்தில். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும், கழிவை வெளியே விடுகிற சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதும் உனக்குத் தெரியாததில்லை. நொய்யல் கரூர்ப் பக்கம் காவிரியில்தான் கலக்கிறது. அதற்குக் கீழே குடிக்கிற சனம் நாம். லிட்டர் கணக்கை எடுத்துவிட்டு இதைப் போடு.

பாலியஸ்டர் கட்டுகிறவர்களைக் கொஞ்சம் கிண்டல் செய்திருக்கிறீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பாலியஸ்டர் கச்சா எண்ணெயில் இருந்து வருவது, மண்ணில் மட்காது, எல்லாம் உண்மைதான். ஆனால் வயலில் மீத்தேன் எடுக்க வேண்டாம், ஹைட்ரோகார்பன் எடுக்க வேண்டாம் என்று வெயிலில் ரோட்டில் உட்கார்ந்தார்களே நம் பக்கத்துப் பெண்கள், அவர்களில் பாதிப் பேர் கட்டியிருந்தது பாலியஸ்டர் புடவை. சீக்கிரம் காய்கிறது, கஞ்சி, இஸ்திரி எதுவும் வேண்டாம், விலையும் கைக்கு அடக்கம். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்க 2020-இல் சட்டம் வந்ததில் அந்தப் புடவைகளுக்கும் பங்கு உண்டு. மாற்றி மாற்றிக் கட்ட மூன்று புடவை வைத்திருப்பவளிடம் போய் "குறைவாக வாங்குங்கள்" என்று சொல்லாதீர்கள். மாசா மாசம் ஆன்லைனில் பெட்டி பெட்டியாக வாங்கித் திருப்பி அனுப்புகிறவர்களிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. "நம் பாட்டிகள் கிழிந்ததைத் தைத்துக் கட்டினார்கள், அதுதான் நம் பண்பாடு" என்று ஒரு வரி. உன் அப்பாயி ஒட்டுப்போட்டுக் கட்டியது, மாற்றுப் புடவை இல்லாததால். அதைப் பண்பாடு என்றால் அவரே சிரிப்பார்.

உங்கள் ஸ்டாலில் இயற்கைப் பருத்தி டி-ஷர்ட் ரூ. 1,499 என்று படத்தில் பார்த்தேன். ராத்திரி அப்பாவும் நானும் நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்தோம். ஒரு குவிண்டால் பருத்தியில் பஞ்சு சுமார் 34 கிலோ, மிச்சம் விதை. ஒரு டி-ஷர்ட்டுக்கு, நூற்பில் வெட்டில் போகிற சேதாரம் சேர்த்து, கால் கிலோ பஞ்சு என்று வை. அதற்கு விதையோடு முக்கால் கிலோ பருத்தி. 2024-25-க்கு அரசு அறிவித்த ஆதார விலை, நடுத்தர இழைக்கு, குவிண்டாலுக்கு ரூ. 7,121. ஆக, ஒரு சட்டைக்கு விவசாயிக்கு வருவது ஐம்பத்து மூன்று ரூபாய். விதை, உரம், மருந்து, எடுப்புக் கூலி எல்லாம் அதற்குள். அந்த விலையும், வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடுகிற மறைமுக ஏலத்தில் கிடைத்தால்தான். ஈரம் என்று சொல்லி இறக்கிவிடுவார்கள். இயற்கைப் பருத்திக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பாய். எவ்வளவு? அதைச் சட்டையிலேயே ஒரு சீட்டில் எழுதித் தொங்கவிடு: பருத்திக்கு இவ்வளவு, மில்லுக்கு இவ்வளவு, சாயத்துக்கு, தையலுக்கு, கடைக்கு இவ்வளவு. பச்சை இலைப் படம் வேண்டாம், இந்தச் சீட்டு போதும்.

டாக்கா பற்றி எழுதியிருக்கிறீர்கள். 2013-இல் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்ததைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் திண்டுக்கல் ஏன் இல்லை? அங்கே ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இருபது வயதுப் பெண் 2021-இல் கொல்லப்பட்டாள். பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் விடாமல் நின்றது. வேலையிடத்தில் பெண்கள் மேல் வன்முறை கூடாது என்று தொழிற்சாலையும், அங்கே துணி வாங்கும் வெளிநாட்டு கம்பெனியும் 2022-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று சுமங்கலித் திட்டத்தில் மில்லுக்குப் போன பெண்கள் நம் தெருவிலும் உண்டு. உங்கள் கூட்டத்தில் பேச அவர்களில் ஒருத்தியைக் கூப்பிடு.

"வேண்டாத துணியைத் தானம் செய்யுங்கள்" என்பதை அடித்துவிடு. சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்தில் பழைய துணி ரோட்டோரம் மலையாகக் கிடந்ததை நான் பார்த்தேன். கம்பளிச் சட்டை, கிழிந்த ஜீன்ஸ், ஜோடி இல்லாத சாக்ஸ். எல்லாம் இழந்து நின்ற மீனவப் பெண்களுக்கு அவமானம்தான் மிச்சம். கட்டத் தகுந்ததைத் துவைத்து மடித்து, கேட்டவர்களுக்குக் கொடுக்கலாம். மற்றது தானமில்லை.

தையலைப் பற்றி நீ கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். நான் ஜாக்கெட் தைத்தால் பக்கவாட்டில் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பேன். உடம்பு பெருத்தால் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் போதும், இன்னும் இரண்டு வருஷம் ஓடும். இப்போது வரும் ரெடிமேடைத் திருப்பிப் பார். விளிம்போடு ஓவர்லாக் அடித்திருப்பான், பிரிக்க அங்கே நூலளவு துணி இருக்காது. காலர் நைந்தால் கழற்றித் திருப்பி வைத்துத் தைக்கலாம். உன் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் அப்படித்தான் ஓடின. துணி வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கொடு. எந்த நோட்டீஸும் தேவைப்படாது.

பழுது பார்க்கும் பயிற்சிக்கு வரச் சொன்னாய். பருத்தி முடிந்ததும் வருகிறேன், இன்னும் இரண்டு தையல்காரிகளையும் கூட்டிக்கொண்டு. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கையில் கொடுத்துவிடு, சேவை என்று சொல்லிச் சமாளிக்காதே. மெஷின் மிதிமெஷினாக இருக்கட்டும். அப்புறம், மேடையில் யாருக்கும் பொன்னாடை போர்த்த வேண்டாம். உன் அப்பாவுக்குச் சங்கத்தில் போர்த்தியதே பீரோவில் ஏழெட்டுக் கிடக்கிறது. அத்தனையும் பாலியஸ்டர்.

அன்புடன்,
அம்மா