அஞ்சுகத்தை விமானம் ஏற்றும் முன்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. வேலை மாற்றம், வீட்டைக் காலி செய்வது, மாமியாரின் உடம்பு எல்லாவற்றையும் நாலே வரியில் முடித்துவிட்டு, வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக வேண்டிய உன் சாம்பல் கிளி அஞ்சுகத்தைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், உன் கவலை எங்கே இருக்கிறது என்று புரிந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆயிற்று, ஆண் குழந்தை. அதையெல்லாம் அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன், இப்போது கிளி விஷயம்தான் அவசரம்.

யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்றுதான் சொல்வேன். சாம்பல் கிளி நன்றாகக் கவனித்தால் 40, 50 வருஷம்கூட இருக்கும், அதுவும் ஒருவரோடு ஒட்டிக்கொண்ட பிறகு அவரைக் காணாவிட்டால் தன் இறகைத் தானே பிடுங்கிப் போடுகிற அளவுக்கு உடைந்துபோகிற ஜாதி. பயணத்தின் சிரமம் ஒன்றிரண்டு நாளில் தீர்ந்துவிடும். பறவைகளைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் உடம்பைச் சோதித்து, தாங்காது என்று சொன்னால் மட்டும் வேறு யோசிக்கலாம்.

முதலில் காகிதம். இது உன் விஷயத்தில் என்னுடையதைவிடப் பெரிய வேலை. நான் கொண்டுவந்தவை காக்கடீல் என்கிற சின்னக் கிளிகள். காக்கடீல், பட்ஜி, கழுத்தில் வளையம் போட்ட பச்சைக்கிளி, ரோஜா முக லவ்பேர்ட் இந்த நான்கைத் தவிர மற்ற கிளி இனங்கள் எல்லாமே சைட்டீஸ், அதாவது அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் வருகின்றன. சாம்பல் கிளியை 2016-இல் நடந்த மாநாட்டில் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றினார்கள், 2017 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதனால் உனக்குப் புறப்படும் நாட்டின் ஏற்றுமதி அனுமதியும் வேண்டும், போகிற நாட்டின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். இறக்குமதி அனுமதி வந்தால்தான் ஏற்றுமதிக்குக் கொடுப்பார்கள், ஆகவே அங்கிருந்து தொடங்கு. காலில் இருக்கும் மூடிய வளையத்தின் எண், வாங்கிய ரசீது, வளர்ப்பில் பிறந்தது என்பதற்கான சான்று எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுத்து ஒரே உறையில் போட்டு வை. நடுவில் விமானம் மாறுவதாக இருந்தால் அந்த நாட்டு விதியையும் பார்க்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் பறவைக் காய்ச்சல். எங்காவது பரவினால் ஒரே நாளில் கதவை மூடிவிடுவார்கள், எனவே டிக்கெட் போடும்போது ஒரு தடவையும் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு தடவையும் கேட்டுக்கொள். சேர்ந்த இடத்தில் தனிமைப்படுத்தி வைக்க வேண்டியிருக்கும், சில நாடுகளில் அது 30 நாள். அந்த இடத்துக்கும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

காகிதம் சரியாக இருந்தால் அனுமதிப்பார்கள், அவ்வளவுதான். அஞ்சுகம் நல்லபடியாகப் போய்ச் சேருவதைத் தீர்மானிப்பது அது உட்காரப்போகும் பெட்டி. விமானம் மேலே போகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியப்போவதில்லை. தெரிவது புதுக் கூண்டு, புது இரைச்சல், நீ கண்ணில் படாதது இவ்வளவுதான். இந்த மூன்றையும் வீட்டிலேயே பழக்கிவிட்டால் முக்கால்வாசி பயம் போய்விடும். ஆகவே பயணக் கூண்டை இன்றைக்கே வாங்கி, அது வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கதவைத் திறந்தே வை. உள்ளே தள்ளாதே. அதற்கு ரொம்பப் பிடித்த தீனியை முதலில் வாசலில், பிறகு கொஞ்சம் உள்ளே, பிறகு கடைசி மூலையில் வை, அதுவே போய் எடுக்கட்டும். தானாகப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நிமிஷம் கதவைச் சாத்து, திற. அப்புறம் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்று. அப்புறம் காரில் வை, இன்ஜினை மட்டும் ஓட விடு. நீ அறையை விட்டு வெளியே போய் வா. பழகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், சில பறவைக்கு மாசக்கணக்கில்கூட. ஒரு படியில் முரண்டு பிடித்தால் முந்தின படிக்கே திரும்பு, அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

கூண்டுக்கு, விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா வகுத்த விதிகள் இருக்கின்றன, விமான நிறுவனத்திடம் உன் கிளியின் அளவைச் சொல்லிக் கேள். உட்காரும் கொம்பு தாழ்வாக, ஆடாமல் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டக் கூடாது, வால் தரையில் படக் கூடாது. தரையில் வெறும் காகிதம் விரி, எச்சம் எப்படி இருக்கிறது என்று உடனே தெரியும். பொம்மை, ஊஞ்சல் எதையும் தொங்கவிடாதே, குலுங்கும்போது அடிபடும். சாம்பல் கிளி தாழ்ப்பாளை அலகால் திறந்துவிடும், எனவே கதவில் கேபிள் டை போட்டுக் கட்டு, அதை வெட்ட என்ன செய்வது என்றும் யோசித்து வை, கத்தரியைக் கைப்பையில் விடமாட்டார்கள். மேலே மெல்லிய துணி போர்த்தலாம், ஆனால் ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். என் காக்கடீல்கள் கும்மிருட்டில் பதறிச் சிறகடிக்கும், கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தால் அடங்கிவிடும்.

உயரத்தில் காற்று போதாது என்று உன் வீட்டுக்காரர் பயப்படுகிறாராமே. விமானத்துக்குள் அழுத்தம் அதிகபட்சம் 8000 அடி மலையில் இருப்பது போலத்தான் குறையும், உயிருள்ளவற்றை ஏற்றும் கீழ்ப்பகுதியிலும் அப்படியே. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது, காற்றுப்பைகள் அதற்குத் துணை. மெல்லிய காற்றை நம்மைவிட நன்றாகவே சமாளிக்கும். பயப்பட வேண்டியது வெப்பத்துக்கு. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். ஓடுதளத்து வெயிலில் கூண்டு காத்திருக்கும்படி ஆகிவிட்டால் அதுதான் ஆபத்து. அதனால் இரவிலோ விடிகாலையிலோ புறப்படும் நேரடி விமானமாகப் பார். பல நிறுவனங்கள் பறவையை இருக்கைக்குக் கீழே வைத்துக்கொள்ள விடுவதில்லை, விடுவார்கள் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே எடு.

மயக்க மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். கொம்பைப் பிடிக்கும் பிடியும் போகும், சூட்டைச் சீராக வைக்கும் திறனும் குறையும், மூச்சும் தடுமாறும். யார் சொன்னாலும் கேட்காதே.

முந்தின நாள் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டு. இந்த இனத்தின் இறகுத்தூள் கொஞ்சம் அடங்கும், பக்கத்து இருக்கைக்காரருக்கும் நல்லது. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும், கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் சிந்திக் காகிதத்தை நனைக்கும், எனவே வெள்ளரி, ஆப்பிள் துண்டு வை. விதையை எடுத்துவிட்டுக் கொடு.

பாதுகாப்புச் சோதனையில் கூண்டு எக்ஸ்ரேவுக்குள் போகும், பறவை போகக் கூடாது. ஆகவே வெளியே எடுக்கச் சொல்வார்கள். திறந்த கூடத்தில் எடுக்காதே, மூடிய அறை கேள், அது இல்லாமல் கதவைத் திறக்கவே திறக்காதே. இப்போதிலிருந்தே உடம்பில் மாட்டும் வாரைப் பழக்கினால் இந்த இடத்தில் ரொம்ப உதவும். யாராவது பிடிக்க வந்தால் நெஞ்சை அழுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு. பறவைக்கு உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் சத்தமே இல்லாமல் மூச்சு நின்றுவிடும்.

இன்னொன்று. இன்று முதல் தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வை. பறவை நோயை மறைக்கும், எடை மறைக்காது. போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அல்லது மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால், அன்றைக்கே மருத்துவரிடம் போ. அங்கே யார் பறவை பார்ப்பார் என்று இங்கிருந்தே விசாரித்துக்கொள்.

கால்வளையத்தின் எண்ணைப் பார்த்தாயா என்று எழுது. கூண்டின் படத்தையும் அனுப்பு, கொம்பின் உயரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
கலா