அந்த ஸ்பிரிங்கை மாட்டாதே

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

பேத்தி பிறந்த செய்தி வந்து நாற்பது நாளாகியும் நான் ஒரு வரி எழுதவில்லை. மன்னித்துக்கொள். இங்கே மழை, கால்வலி, கோயில் கணக்கு, எல்லாம் பழையபடிதான். நேற்று உன் தம்பி கடைத்தெருவில் ஒன்று சொன்னான். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் உன் மூன்று பிள்ளைகளையும் தொட்டிலில் ஆட்டிய ஸ்பிரிங்கைத் துரு போகத் துடைத்து, பேத்தியின் தொட்டிலுக்கு எடுத்து வைத்திருக்கிறாயாமே! மாட்டிவிடாதே.

எங்கள் வீட்டுக் கதையைக் கேள். பேரன் மூன்று கிலோ இருந்தபோது ஸ்பிரிங் 15 சென்டிமீட்டர் இறங்கியது. ஆறு கிலோவில் 30. சுவரில் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். சுமை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் அச்சிட்டதை என் வீட்டுச் சுவரிலேயே பார்த்தபோது அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு. (1676இல் அவர் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு புதிராக ஒளித்து வைத்திருந்தார்.) அந்தக் கணக்குப்படி ஒன்பது கிலோவுக்கு 45 வரவேண்டும். போன மாதம் 58 இறங்கியது. பிள்ளையைத் தூக்கிய பிறகும் பழைய கோட்டுக்கு ஏறவில்லை. ஆறு சென்டிமீட்டர் கீழேயே நின்றுவிட்டது. மீள் எல்லையைக் கடந்த கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பாது. அன்றே கழற்றி எறிந்தேன்.

ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு, அந்தக் கிண்ணத்தைத் தாங்கும் கம்பியில் சிறு சுருள் இருக்குமே, மரம் பருக்கப் பருக்க விரிந்து கொடுக்குமே, அதை நினைத்துப் பார். இழுத்துவிட்டால் சுருங்காத சுருளை உன் அம்மா திரும்ப மாட்டியதே இல்லை.

உன்னுடையது நீளாமல் இருக்கலாம். அதுவும் போதாது. விநாடிக்கு ஓர் ஆட்டம், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வை: ஒரு நாளில் 7,200 ஆட்டம், ஓராண்டில் 26 லட்சம். மூன்று பிள்ளைகளுக்கு நீயே பெருக்கிக்கொள். அத்தனை முறை வளைந்து நிமிர்ந்த கம்பியில், துரு அரித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கலாம். அது சொல்லிவிட்டு அறுவதில்லை.

கெட்ட பாதியை வெட்டிவிட்டு மீதியை மாட்டலாம் என்பாய். உன் சிக்கனம் எனக்குத் தெரியாதா? சுருளைப் பாதியாக வெட்டினால் விறைப்பு இரட்டிப்பாகும். பிஞ்சுக் குழந்தை மெல்ல ஆடாது, குலுங்கும். புதிதாக ஒன்று வாங்கு. பிள்ளை கனத்ததும் இன்னொன்றைப் பக்கத்தில் சேர்த்து மாட்டு. இரண்டும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும், இறக்கம் பாதியாகும். என் மகன் செய்ததுபோல ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்துவிடாதே. இரண்டும் முழுப் பாரத்தையும் தாங்கும், தொட்டில் இரண்டு மடங்கு இறங்கித் தரையைத் தொடும். சுருளுக்குள் தளர்வாக ஒரு நைலான் கயிறும் இரு முனையிலும் கட்டியிருக்கட்டும். சுருள் அறுந்தாலும் பிள்ளை விழாது.

குழந்தையைப் போடுமுன் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு, கோடு போட்டு, எடுத்த பிறகு பழைய இடத்துக்கு ஏறுகிறதா என்று பார். இரண்டு அளவையும் எனக்கு எழுது. அதுவரை பேத்தி பாயிலேயே படுக்கட்டும்.

அன்புடன்,
உன் மூன்றாம் லயத்துக்காரன்