கதவுள்ள ஓர் அறையிலிருந்து பேச விடுங்கள்

மலையக மாவட்டங்களில் மனநலச் சேவையைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும், கிளினிக் நடத்தும் வைத்தியர்களுக்கும்,

வணக்கம். நான் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. என் அம்மா முப்பத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். பதினான்கு வருடமாக இருமுனை மனநோய்க்கு மருந்து எடுக்கிறார். இப்போது கையில் இருப்பது மூன்றாவது கிளினிக் கொப்பி. தொலைபேசியிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்ப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தூரத்தைத்தான் காரணமாகச் சொல்கிறீர்கள். தூரம் எங்களுக்குப் பழகிவிட்டது. பழகாத தூரம் ஒன்று வைத்தியரின் மேசைக்கும் அம்மாவின் நாற்காலிக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவள் நான்.

வைத்தியர் சிங்களத்தில் கேட்பார். நல்ல மனிதர், முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். அம்மா தமிழில் சொல்வார், நான் சிங்களத்தில் சொல்வேன். 2019இல் ஒரு நாள் அம்மா, "விடிவதே பிடிக்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது" என்றார். வைத்தியர் என்னைப் பார்த்தார். "சோர்வாக இருக்கிறதாம்" என்றேன். கதவுக்கு வெளியே எங்கள் தோட்டத்தார் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்; பெற்ற தாய் சாக நினைக்கிறாள் என்று மகளே வாய்விட்டுச் சொல்வது எப்படி? கொப்பியில் சோர்வு என்று பதிவானது. அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் இரவில் கண்ணை மூடவில்லை. தமிழும் அரசகரும மொழிதான் என்று 1987இன் 13ஆம் திருத்தம் சொல்வதை வகுப்பில் பிள்ளைகளுக்கு நானே கற்பிக்கிறேன்.

2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்றபோது, அந்த மனநலப் பிரிவில் புதிதாக வந்திருந்த ஒரு தமிழ் வைத்தியர் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், கவரேஜ் கிடையாது. மாடசாமி கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் ஏறி நின்றால் இரண்டு கோடு காட்டும். அம்மா பாறையில் உட்கார்ந்து பேசினார். நான் எட்டடி தள்ளிக் குடையோடு நின்றேன். இருபது நிமிடம். தம்பி குழந்தையாக இறந்ததை, அப்பாவின் குடியை, மலையில் கங்காணி திட்டிய ஒரு நாளை எல்லாம் அந்த முகம் தெரியாத பெண்ணிடம் சொன்னார். என்னிடம் ஒருபோதும் சொல்லாதவை. திரும்பி நடக்கும்போது, "அந்தப் பிள்ளைக்கு நான் பேசுவது விளங்குகிறது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆறு மாதத்தில் அந்த வைத்தியருக்கு இடமாற்றம் வந்தது, அழைப்பும் நின்றது. தொலைபேசி அவரோடு ஏன் போகவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்துகொண்டே அவர் பேசியிருக்கலாமே?

இதற்கு நேர்மாறான அழைப்பும் ஒன்று உண்டு. ஒரு முறை பாறைக்குப் போக முடியாத மழை. வீட்டுக்குள்ளேயே வாங்குப் பலகையில் ஏறி நின்று, ஸ்பீக்கரைப் போட்டு, விட்டு விட்டுக் கேட்கும் குரலோடு பேசினோம். எங்கள் காம்பராவுக்கும் (லய அறைக்கும்) அடுத்த காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போகாது. அந்தப் பக்கம் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. அம்மா, "நன்றாக இருக்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன்" என்று நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டார். நோயாளி தேறிவிட்டதாக அன்று எழுதியிருப்பார்கள். வீட்டிலிருந்தே சிகிச்சை என்று நீங்கள் எழுதும்போது எந்த வீட்டை நினைத்து எழுதுகிறீர்கள்?

வைத்தியர்களின் தயக்கத்தையும் நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். அம்மா குடிப்பது லித்தியம் என்ற மாத்திரை. கொஞ்சம் கூடினாலே கை நடுங்கும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும். கடைசி மாத்திரை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் அளவு தெரியும். குரலை மட்டும் கேட்டு மருந்தைக் கூட்டக் குறைக்கப் பயமாக இருக்கிறது என்று ஒரு இளம் வைத்தியர் என்னிடம் சொன்னார். அவர் பயப்படுவதுதான் சரி. மாதம் ஒருமுறை ஊசி போடுகிறவர்களுக்கும் தொலைபேசி உதவாது. நேரில் போவதை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மாவே அதற்குச் சம்மதிக்க மாட்டார். கிளினிக் நாள் அவருக்குப் பயணம்: நல்ல சேலை, திரும்பும்போது ஹட்டன் பஸ் நிலையத்தில் பிளேன்டீயும் வடையும். அண்ணனுக்குத்தான் அந்த நாளில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். என் வகுப்பில் படித்த ஒரு பையனோ, அந்த வரிசையில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றே கிளினிக்கை விட்டுவிட்டான். அவனுக்குத் தொலைபேசி மட்டும்தான் வாசல். எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு போடாதீர்கள்.

அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அவசரத்துக்கு அது நல்லது, பாடசாலைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் வருடக்கணக்கான நோய்க்கு அதே காது திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். சேவையை மக்களுக்கு அருகே கொண்டுபோவதாக 2005ஆம் ஆண்டின் மனநலக் கொள்கை சொன்னது. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகள் தபாலில் வந்தன. நினைத்தால் செய்யலாம் என்பது அப்போதே தெரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலில் மலை சரிந்து பாதைகள் அடைபட்டபோது, அடுத்த மாத மாத்திரைக்கு என்ன வழி என்று எத்தனையோ வீடுகளில் கேட்டிருப்பார்கள்.

இரண்டு கிளினிக்குக்கு நடுவில் ஒரு தமிழ் வைத்தியரோ ஆலோசகரோ, எந்த மாவட்டத்தில் இருந்தாலும் சரி, அம்மாவோடு நேரே பேசட்டும். இடமாற்றம் வந்தாலும் அவரே தொடரட்டும். இரத்தமும் ஊசியும் பழையபடி ஆஸ்பத்திரியில் நடக்கட்டும். பேசுவதற்கு லயம் வேண்டாம். எங்கள் தோட்ட டிஸ்பென்சரியில் முன்பு காயங்களுக்குக் கட்டுப்போட்ட அறை ஒன்று சும்மா கிடக்கிறது. அதற்குக் கதவு இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது, ஜன்னலோரம் கவரேஜும் உண்டு. நானே போய்ப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு மேல் அங்கே யாரும் வருவதில்லை. சாவி மருத்துவ உதவியாளரிடம் இருக்கிறது. கேட்டால் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மகள்
மஸ்கெலியா