மோதிர விரலின் இரண்டு பக்கங்கள்

அன்பு மகளுக்கு,

தொலைபேசியில் நீ கேட்டதற்குச் சுருக்கமாக ஏதோ சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தண்டுவட நரம்புகளையும் அவற்றின் கிளைகளையும் இப்படி மனப்பாடம் செய்வதால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்டாய். பினாங்கில் பிசியோதெரபி வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் நம்பி வேலை செய்தது இந்த ஒரு பாடத்தைத்தான். ஆகவே பொறுமையாகப் படி.

கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திரிகத்தில் (இடுப்புக்குக் கீழே உள்ள முக்கோண எலும்பு) 5, வால் எலும்பில் 1 என மொத்தம் 31 இணை நரம்புகள். கழுத்து முள்ளெலும்புகள் 7 மட்டுமே இருக்க, நரம்பு எப்படி 8 ஆனது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். முதல் 7 கழுத்து நரம்புகளும் தத்தம் எண்ணுடைய முள்ளெலும்புக்கு மேலே வெளிவருகின்றன. 8-ஆவது நரம்பு, கழுத்தின் கடைசி முள்ளெலும்புக்கும் மார்பின் முதல் முள்ளெலும்புக்கும் இடையே வருகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் தன் எண்ணுடைய எலும்புக்குக் கீழே வெளிவரும். ஒவ்வொரு நரம்புக்கும் இரண்டு வேர்கள் உண்டு. பின்வேர் உணர்வைத் தண்டுவடத்துக்குள் கொண்டுவருகிறது, முன்வேர் தசைக்கான கட்டளையை வெளியே கொண்டுபோகிறது. பிரான்சில் உடலியல் அறிஞர் மாஜாந்தி 1822-இல் இதைச் சோதனை செய்து காட்டினார். வேர்கள் சேர்ந்த சிறிது தூரத்திலேயே நரம்பு மறுபடியும் பிரிகிறது. பின்கிளை சிறியது, முதுகின் தோலுக்கும் ஆழத்திலுள்ள முதுகுத் தசைகளுக்கும் மட்டுமே போகிறது. தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர்களின் முதுகில் கொக்கி ஏறும் இடமெல்லாம் இந்தப் பின்கிளைகளின் பகுதிதான்.

முன்கிளைகள்தாம் கைகால்களுக்குப் போகின்றன, ஆனால் நேராகப் போவதில்லை. கழுத்தின் 5-ஆம் நரம்பிலிருந்து மார்பின் முதல் நரம்பு வரை ஐந்தும் கழுத்தடியிலும் அக்குளிலும் ஒன்றோடொன்று பின்னி, பிரிந்து, மறுபடியும் சேர்ந்த பிறகே கைக்குள் இறங்குகின்றன. அதனால் கையில் ஓடும் ஒரு நரம்புக்குள் பல வேர்களின் இழைகள் இருக்கின்றன. ஒரு வேரின் இழைகளோ பல நரம்புகளுக்குள் பரவிக் கிடக்கின்றன. ஒரே தோலின் மேல் வேர்களின் எல்லைக்கோடுகள் ஒருவிதமாகவும், நரம்புகளின் எல்லைக்கோடுகள் வேறுவிதமாகவும் ஓடுகின்றன. இந்த இரண்டையும் நீ தனித்தனியாக மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பல காலம் ரப்பர் மரம் சீவிய ஓர் அம்மா, வலது கைப் பெருவிரல் மரத்துப்போகிறது என்று வந்தார். கழுத்தில் 6-ஆம் வேர் அழுத்தப்பட்டாலும் பெருவிரல் மரக்கும். மணிக்கட்டில், முன்கையின் நடுவே இறங்கும் மீடியன் நரம்பு அழுத்தப்பட்டாலும் மரக்கும். பஞ்சைத் திரித்து, அவருடைய மோதிர விரலின் இரண்டு பக்கங்களிலும் மாறி மாறித் தடவினேன். நடுவிரலை ஒட்டிய பக்கத்தில் உணர்வு மங்கியிருந்தது, சுண்டுவிரலை ஒட்டிய பக்கத்தில் நன்றாகவே இருந்தது. எந்த வேரின் எல்லையும் ஒரு விரலை இப்படி நட்டநடுவில் பிளப்பதில்லை. மீடியனும், சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்னர் நரம்பும்தான் அந்த விரலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. உள்ளங்கையின் நடுவில் உணர்வு குறையவில்லை, ஏனென்றால் அதற்கான கிளை, மீடியன் நரம்பு நுழைந்து செல்லும் மணிக்கட்டுக் குகை என்ற குறுகிய வழிக்குள் நுழையாமல் அதற்கு மேலாகவே போய்விடுகிறது. இரவில் விழித்துக் கையை உதறுவதாகவும் சொன்னார். கழுத்தைத் திருப்பினால் வலி இல்லை, முன்கையின் வெளிப்புறத் தோலில் குறை இல்லை, முழங்கையை மடக்கும் பலமும் குறையவில்லை. கோளாறு மணிக்கட்டில் என்று சொல்ல எனக்குப் பஞ்சே போதுமானதாக இருந்தது. நரம்பில் மின்குறிப்பு ஓடும் வேகத்தை அளக்கும் இயந்திரச் சோதனை பின்னர் அதை உறுதிப்படுத்தியது, அதுவும் தேவைதான். ஆனால் எங்கே தேடுவது என்பதை முதலில் உடற்கூறுதான் சொல்ல வேண்டும்.

இடுப்பில் வேறொரு சிக்கல். தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வேர்கள் மட்டுமே கொத்தாகத் தொங்குகின்றன. 4-ஆம், 5-ஆம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கினால், பெரும்பாலும் அழுத்தப்படுவது அந்த இடைவெளியில் வெளியேறும் 4-ஆம் வேர் அல்ல, அதைக் கடந்து கீழே போகும் 5-ஆம் வேர். கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பார். பலம் குறைந்திருந்தால் 5-ஆம் வேரைச் சந்தேகி. குதிகால் தசைநாணைத் தட்டினால் பாதம் துள்ளும் அனிச்சைச் செயல் மறைந்து, பாதத்தின் சுண்டுவிரல் ஓரம் மரத்திருந்தால் திரிகத்தின் முதல் வேர்.

நம் மக்களிடம் நீ அதிகம் பார்க்கப்போவது இனிப்பு நீர் நோயால் (நீரிழிவால்) வரும் நரம்புச் சேதம். அது வேரின் எல்லையையும் பார்ப்பதில்லை, நரம்பின் எல்லையையும் பார்ப்பதில்லை, நீளத்தைத்தான் பார்க்கிறது. கால் விரலுக்குப் போகும் உணர்வு இழையின் உயிரணு முதுகெலும்பின் அருகில் இருக்க, இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள்கிறது. அவ்வளவு நீளமானவை முதலில் கெடுவதால், இரண்டு பாதங்களிலும் காலுறை போட்டதுபோல் ஒரே அளவில் மரத்து மேலே ஏறும். தைப்பூசத்தில் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்துவிட்டு, கொப்புளம் வந்ததே தெரியாமல் வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உன் பெரியம்மாவுக்கும் இதைச் சொல்லிவிட்டேன். நீயும் ஒருமுறை சொன்னால் கேட்பார்.

இன்னொன்றை மட்டும் எந்த அவசரத்திலும் மறந்துவிடாதே. முதுகுவலியோடு வருபவரிடம், உட்காரும் இடத்துத் தோல் மரத்திருக்கிறதா, சிறுநீர் வராமல் அடைத்திருக்கிறதா என்று நீயே கேட்க வேண்டும். வெட்கப்பட்டு அவர்களாகச் சொல்லமாட்டார்கள். திரிகத்தின் 2 முதல் 4 வரையுள்ள வேர்கள் நசுங்குகின்றன என்பதற்கு அது அடையாளம். ஆம் என்று பதில் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பக் கூடாது. உடனே ஸ்கேன் எடுத்து, அழுத்தம் உறுதியானால் தாமதிக்காமல் அறுவை சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

விடுமுறைக்கு வரும்போது கையின் நரம்புப் பின்னலைப் புத்தகம் பார்க்காமல் வரைந்து காட்டு. அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார்.

அன்புடன்,
அப்பா