தோளை மறந்து கையைத் தூக்க விடுங்கள்

பிசியோதெரபி பிரிவின் தலைவர் அவர்களுக்கும், அங்கே பயிற்சித் தாள்களைத் தயாரிப்பவர்களுக்கும்

வணக்கம்.

சென்ற வாரம் என் கோப்பில் உங்கள் பிரிவு எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். "பயிற்சியில் கவனம் போதவில்லை, ஒத்துழைப்பு குறைவு" என்று இருந்தது. இந்த மடலை எழுத வைத்தது அந்தக் குறிப்புதான். ரொட்டேட்டர் கஃப், அதாவது தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைகளின் தசைநாண் வலி என்றால் என்ன, ஊசியும் கத்தியும் எடுப்பதற்கு முன் ஏன் பயிற்சி, அதற்கு ஏன் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். கையைத் தூக்கும்போது எங்கள் மனம் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லும் விதத்தை மாற்றுங்கள். தசைக்குள் எட்டிப் பார்க்கச் சொல்வதைக் குறைத்துக்கொண்டு, வெளியே ஓர் இலக்கைக் காட்டுங்கள்.

உங்கள் தாளில் ரப்பர் பட்டைப் பயிற்சிக்கு எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன். "தோள்பட்டை எலும்பைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்துப் பிடிக்கவும். கழுத்துத் தசையைத் தளர்த்தவும். வயிற்றை உள்ளிழுக்கவும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்கவும். தோளின் பின்புறத் தசை சுருங்குவதை உணரவும்." இத்தனையும் முடித்த பிறகுதான் பட்டையை இழுக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று இதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிப்பதற்குள் முதலில் தளர்த்திய கழுத்து மறுபடி இறுகிவிடுகிறது. உடனே பின்னாலிருந்து குரல் வருகிறது: "தோளைத் தூக்காதீங்க, தோளைத் தூக்காதீங்க!" தூக்காதே என்று சொல்லச் சொல்ல, தோள் காதை நோக்கித்தான் போகிறது.

வலி உள்ளவர்களுக்கு இதில் இருக்கும் சங்கடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தோள் வலிக்காரர்கள் தோளைக் கவனிக்காமல் இருக்கும் நேரமே கிடையாது. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. தூக்கத்தில் புரண்டால் விழிப்பு வந்துவிடும். சட்டைக் கைக்குள் கையை விடும்போது, முதுகுப் பக்கம் கொக்கி மாட்டும்போது, பின் இருக்கையில் இருக்கும் பையை எட்டி எடுக்கும்போதெல்லாம் 'இப்போது குத்துமோ' என்று மனம் முன்கூட்டியே அங்கே போய் நின்றுகொள்கிறது. வலிக்கும் இடத்தையே கவனித்தால் வலி கூடும் என்பது உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அப்படியிருக்க, சிகிச்சை நேரத்தில் கண்ணை மூடச் சொல்லி, வலிக்கிற அதே இடத்தில் மனதை வைத்து "உள்ளே என்ன நடக்கிறது, உணருங்க" என்கிறீர்கள். ரொட்டேட்டர் கஃப் தசைகளில் ஒன்றான சுப்ராஸ்பைனேட்டஸ், கழுத்திலிருந்து தோள்வரை பரந்திருக்கும் டிரப்பீசியஸ் தசைக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. அது தனியாகச் சுருங்குவதை எத்தனை பேரால் பிரித்து உணர முடியும்? எங்களுக்குத் தெளிவாக உணர வருவது வலி ஒன்றுதான். அதைச் சொன்னால், "அதை விடுங்க, தசையை உணருங்க" என்று பதில் வருகிறது.

கோப்பில் அந்தக் குறிப்பு விழக் காரணமான நாளில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மூத்த பிசியோ, யாரோ கூப்பிட்டதால், வெளியே போயிருந்தார். பயிற்சியில் இருக்கும் இளம்பெண் ஒருவர் சுவரில் என் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு துண்டு டேப்பை ஒட்டினார். "அம்மா, தோளை மறந்துடுங்க. விரல் இந்த டேப்பைத் தொடட்டும், அவ்வளவுதான்" என்றார். தொட்டேன். வலி இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. ஆனால் வழக்கமாகப் பாதி வழியில் வரும் அந்த நடுக்கமும் தயக்கமும் வரவில்லை. டேப்பை இன்னும் சற்று மேலே ஒட்டினார், அதையும் தொட்டேன். அப்போது மூத்தவர் திரும்பி வந்தார். "தோள்பட்டை எலும்பு செட் ஆகாம கையைத் தூக்க விடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டு டேப்பைக் கிழித்துப் போட்டார். மறுபடி கண்ணாடி, மறுபடி கழுத்து, மறுபடி வயிறு. எனக்குக் கை நடுங்கியது. அதைத்தான் கோப்பில் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் செய்தது விளையாட்டு இல்லை. உடல் அசைவுகளைக் கற்பது பற்றி ஆராயும் கபிரியேல் வுல்ஃபும் சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பனிச்சறுக்கைப் பழக்கும் கருவியில் சிலரை ஏற்றி, ஒரு பகுதியினரைத் தங்கள் பாதத்தின் மேல் கவனம் வைக்கச் சொன்னார்கள். மற்றவர்களைப் பாதத்துக்கு அடியில் இருந்த சக்கரங்களின் மேல் கவனம் வைக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையே தூரம் கொஞ்சம்தான். ஆனாலும் சக்கரத்தை நினைத்தவர்கள்தான் நன்றாகக் கற்றார்கள். தானாக நடக்க வேண்டிய அசைவை மனம் ஒவ்வொரு கணமும் பிடித்து நிறுத்திச் சோதித்தால் அது தடுமாறிப்போகிறது என்பது அவர்கள் பிறகு தந்த விளக்கம். அதற்கப்புறம் சமநிலை, எறிதல், குதித்தல் என்று பல அசைவுகளில் இதே திசையில் முடிவுகள் வந்திருக்கின்றன. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட கைக்குத் தரும் சிகிச்சையைப் பக்கத்திலிருந்து கவனித்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பிசியோக்கள் நோயாளிகளிடம் சொன்னவற்றில் மிகப் பெரும்பகுதி உடல் உறுப்பைப் பற்றியே இருந்தது. ஆக, இது உங்கள் ஒரு பிரிவின் பழக்கம் மட்டும் இல்லை.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் மறுபக்கமும் உண்டு. இந்த ஆய்வுகளில் நிறைய ஆரோக்கியமானவர்களை வைத்தும் விளையாட்டுத் திறன்களை வைத்தும் செய்யப்பட்டவை. தோள் தசைநாண் வலிக்காரர்களுக்கு அவற்றை அப்படியே தூக்கி வைக்க முடியாது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். குறைந்த எடையைத் தூக்கும்போது ஒரு தசையின் மேல் மனதை வைத்தால் அந்தத் தசை கூடுதலாக வேலை செய்கிறது என்பதும் பதிவாகியிருக்கிறது. எடை அதிகமாகும்போது அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. உறங்கிக் கிடக்கும் தசையை எழுப்ப ஆரம்பத்தில் ஓரிரு நாள் தசையைத் தொட்டுக் காட்டிச் சொன்னால் யார் கோபிக்கப் போகிறார்கள்? மாதக்கணக்கில் அதையே சொல்லிவிட்டு, வராதபோது பழியை எங்கள் கவனத்தின் மேல் போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எலும்பைப் "பின்னுக்கும் கீழுக்கும்" பிடிக்கச் சொல்லும் கட்டளையையும் தயவுசெய்து ஒருமுறை பரிசீலியுங்கள். கை தலைக்கு மேலே போக வேண்டுமானால் தோள்பட்டை எலும்பும் மேல்நோக்கிச் சுழன்றாக வேண்டும். 180 பாகை உயர்வில் ஏறக்குறைய 60 பாகை அந்த எலும்பின் பங்கு என்று 1944இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எலும்பைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டே கையை மேலே தூக்கு என்றால், எந்தப் பேச்சைக் கேட்பது?

இதில் வேடிக்கை என்னவென்றால், தீர்வு உங்கள் தாளிலேயே பாதி இருக்கிறது. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே துண்டைச் சுருட்டி வைக்கச் சொல்கிறீர்கள். "துண்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி நிறுத்தினால் முழங்கை தானே இடத்தில் நிற்கும். பட்டையை இழுப்பதற்கு "கைப்பிடியைப் பக்கத்துச் சுவரை நோக்கிக் கொண்டுபோங்கள்" போதும். சுவரில் கையை நகர்த்தும் பயிற்சிக்கு "சுவரைக் கீழிருந்து மேலாகத் துணியால் துடையுங்கள்" என்றால் புரியாதவர் இல்லை. தூக்கும் பயிற்சிக்கு ஒரு டப்பாவும் ஒரு அலமாரித் தட்டும் இருந்தால் ஆயிற்று. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, அதுவும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைப் பற்றி. இதற்குப் பட்ஜெட் வேண்டாம், டெண்டர் வேண்டாம்.

கருவிக்குக் காசு ஒதுக்கச் சொன்னால் ஒருவேளை எளிதாக நடந்திருக்கும் போல. தோள் தசைநாண் வலிக்கு அல்ட்ராசவுண்ட் சிகிச்சையால் பெரிய பலன் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. ஆனாலும் அந்தக் கருவிக்குத் தனி அறை, தனி நேரம், ஜெல், துடைக்கத் துணி எல்லாம் தயார். அதன் கீழே படுத்திருக்கும்போது யாரும் கவனம் போதவில்லை என்று எழுதுவதில்லை, தூங்கினாலும் சரி. பயிற்சி முறைக்கு வந்ததும் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு ஒருவர், அந்த ஒருவரின் கண் பாதி நேரம் கணினித் திரையில். எங்கள் கவனத்தை அளக்கிறவர்களின் கவனத்தை அளக்க ஏதாவது படிவம் உண்டா? கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். அங்கே ஆள் பற்றாக்குறை என்பது வெளியில் காத்திருக்கும் எங்களுக்கும் தெரிகிறது.

ஆள் குறைவு என்பதாலேயே தாள் முக்கியமாகிறது. 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கிராஸ்ப் ஆய்வை நினைத்துப் பாருங்கள். ரொட்டேட்டர் கஃப் கோளாறு உள்ள 708 பேரில் ஒரு பகுதியினருக்குப் பிசியோவோடு அதிகபட்சம் 6 அமர்வுகள், மற்றவர்களுக்கு ஒரே ஒரு ஆலோசனை அமர்வும் வீட்டில் செய்யும் பயிற்சிகளும். 12 மாத முடிவில் இரண்டு முறைகளுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இரு தரப்பிலும் வலி குறைந்திருந்தது. அப்படியென்றால், பலருக்கு வீட்டில் தனியாக நிற்கும்போது கையில் இருக்கும் காகிதம்தான் பிசியோவின் இடத்தில் இருக்கிறது. அந்தக் காகிதம் பயமுறுத்தினால் பட்டை கதவுப்பிடியில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

எனவே பணிவோடு மறுபடி கேட்கிறேன். அடுத்த முறை தாளை அச்சிடுவதற்கு முன், ஒவ்வொரு பயிற்சியின் பக்கத்திலும், உடலுக்கு வெளியே இருக்கும் ஓர் இலக்கை, சுவரோ துண்டோ தட்டோ, ஒரே வரியில் எழுதுங்கள். தசைப் பெயர்கள் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். ஒரு கட்டளை பலிக்கவில்லை என்றால் நோயாளியைக் குறை சொல்லும் முன் கட்டளையை ஒருமுறை மாற்றிச் சொல்லிப் பார்க்கும்படி உங்கள் பணியாளர்களிடம் சொல்லுங்கள். டேப் ஒட்டிய அந்தப் பெண்ணுக்கு இந்த மடலால் எந்தத் தொல்லையும் வரக் கூடாது. முடிந்தால் அவரைக் கூப்பிட்டு, வேறு என்னென்ன செய்து பார்த்திருக்கிறார் என்று கேளுங்கள்.

என் கோப்பில் இருக்கும் அந்தக் குறிப்பை நீக்கித் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். நீக்க விதி இடம் தராவிட்டால், அன்று என்னிடம் என்னென்ன கட்டளைகள் சொல்லப்பட்டன என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரிவில் சிகிச்சை பெறும் ஒரு நோயாளி