பியர் ஹெட்டில் ஒரு நிலையம் இருந்தது

அன்பு மகளுக்கு,

மெர்சி ஆற்றுப் படகில் ஏறுவதற்காக அடிக்கடி லிவர்பூலின் பியர் ஹெட் படகுத்துறைக்குப் போவதாகப் போன வாரம் சொன்னாய். அங்கே ஆட்கள் நடக்கும் சாலைக்கு மேலே ஒரு ரயில் நிலையம் இருந்தது என்பது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

லிவர்பூல் மேல்நிலை ரயில் 1893இல் ஓடத் தொடங்கியது. மின்சாரத்தில் இயங்கிய உலகின் முதல் மேல்நிலை ரயில் அதுதான். கப்பல்துறைகளை ஒட்டி ஏறத்தாழ 7 மைல் தூரம் இரும்புத் தூண்கள்மீது சென்ற அந்தப் பாதையைத் துறைமுகத் தொழிலாளர்கள் தங்கள் குடை என்றே அழைத்தார்கள். மழை நாளில் அதன் அடியிலேயே நடந்து வேலைக்குப் போய்விடலாம். வடகோடியில் இருந்த சீஃபோர்த் சாண்ட்ஸ் நிலையத்தில் 1901இலேயே நகரும் படிக்கட்டு வைத்திருந்தார்கள்.

பாலப் பராமரிப்பில், துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசும் ஆட்களோடு பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதால், அது அழிந்த விதம்தான் என்னை வருத்துகிறது. தரையைத் துறைமுகச் சரக்கு ரயில் பிடித்திருந்ததாலும் சாலையின் நெரிசலாலும்தான் பயணிகளை மேலே ஏற்றினார்கள். மேலே மின்சாரம் என்பதால் புகையே இல்லை. ஆனால் கீழே ஓடிய நீராவி எஞ்சின்களின் புகையும் ஆவியும் பாதையைத் தாங்கிய இரும்புத் தகடுகளில் ஆண்டுக்கணக்கில் மோதின, படிந்த கரி ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அவற்றை அரித்தது. போர்க்கால விமானக் குண்டுகளால் உடைந்ததைச் சரிசெய்துவிட்டவர்களால் இந்த அரிப்பைச் சரிசெய்ய முடியவில்லை. செலவு ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டு. 1948இல் நாட்டுடைமையாகாத தனியார் நிறுவனம் என்பதால் அரசு கைகொடுக்கவில்லை, நகரத்திலும் உதவி கிடைக்கவில்லை. மக்கள் எதிர்த்தும் 1956 டிசம்பர் 30ஆம் நாள் மூடினார்கள். அடுத்த ஆண்டு பிரிக்கத் தொடங்கினார்கள். பியர் ஹெட் நிலையமும் அதோடு போயிற்று. சில ஆண்டுகளுக்கு முன்பே தகடுகளை மாற்ற யாராவது பணம் தந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பியர் ஹெட்டில் உள்ள லிவர்பூல் அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் பெட்டி ஒன்று இருக்கிறது, போய்ப் பார். பிறகு வாப்பிங் துறைக்கு நட. அங்கே மதிற்சுவருக்குள் பழைய தூண்கள் சில இன்னும் பதிந்து நிற்கின்றன. துரு தெரியும்படி அருகில் நின்று படமெடுத்து அனுப்பு. இப்போது மேலே மறைப்பு எதுவும் இல்லை, குடை எடுத்துக்கொண்டு போ, கண்ணு.

அன்புடன்,
அப்பா